மைனஸில் வந்த கோளம்

நாளை கணக்குப் பரீட்சை. இரண்டு முறை தோற்ற அதே பேப்பர். இதிலும் போனால் முப்பத்தாறு வயதிலும் எனக்கு டிகிரி இல்லை.

இன்று ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு ட்ரிபிள் இன்டக்ரல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோளத்தின் கனஅளவு மைனஸில் வந்தது. கனஅளவு எங்காவது மைனஸில் வருமா?

பக்கத்து சீட்டுக் கல்லூரிப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"மேல் லிமிட்டையும் கீழ் லிமிட்டையும் தலைகீழாப் போட்டிருக்கீங்கக்கா. எனக்கும் நாளைக்கு இதே பேப்பர்தான்."

மாற்றிப் போட்டேன். விடை சரியாக வந்தது. உயிரும் வந்தது.

"சர்ஃபேஸ் இன்டக்ரல் பாடம் முடிச்சிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் முகம் வெளுத்தது. "அது சிலபஸ்ல இருக்கா?"

காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் சிலபஸைத் தேடிப் பார்த்தோம்; இருந்தது. சத்திரத்தில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சேர்ந்து படித்தோம்.

இப்போது சர்ஃபேஸ் இன்டக்ரல் இருவருக்குமே புரியவில்லை. புரிந்தவர்கள் யாராவது இருந்தால் உடனே கமெண்டுக்கு வாருங்கள்.