நிறம் வராத திரை

கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். படித்தது டிப்ளமோ. வெல்டர்கள் ஒட்டிய இடத்தில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒட்டின இடத்தில் ஜெல் போன்ற பசையைத் தடவி, தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவியை அதன்மேல் வைத்து மெல்ல நகர்த்துவார். காதுக்கு எட்டாத ஒலி இரும்புக்குள் இறங்கும். இரும்பு ஒழுங்காக இருந்தால் அடிவரை போய் முட்டித் திரும்பும். நடுவில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அதில் பட்டு முன்னாலேயே திரும்பிவிடும். அது திரும்பி வரும் நேரத்தை வைத்து எவ்வளவு ஆழத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார்.

பார்ப்பதற்குப் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஸ்கேன் எடுப்பது போலவே இருக்கும். பட்டப்பெயர் வந்த கதை அதுதான்.

"குழந்தை எப்படி இருக்கு டாக்டரே?" என்று வெல்டர்கள் கேட்பார்கள்.

"தலை கொஞ்சம் கோணல். வெட்டி எடுத்துட்டு மறுபடி ஒட்டுங்க" என்பார். அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இருக்காது. ஷெட்டே சிரிக்கும்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவர் மனைவி உண்டானாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், வாயாடி. முதன்முதலாகத் திரையில் குழந்தையைப் பார்த்தபோது, "என்னங்க அது, செவப்பும் நீலமுமா மினுக்குது?" என்று கேட்டாள்.

"ரத்தம் ஓடுது. சும்மா நிக்கிற பொருள்ல பட்ட அலை போன மாதிரியே திரும்பி வரும். ஓடுற பொருள்ல பட்டா மாறி வரும். ரயில் நம்மள நோக்கி வர்றப்ப ஹாரன் கீச்சுனு கேட்டு, தாண்டினதும் கம்முனு இறங்கிடுதில்ல? அதே கதைதான். அந்த மாற்றத்தத்தான் கலரா காட்டுறாங்க."

"கல்யாணமானதுலேருந்து நீங்க சேர்ந்தாப்பல இவ்வளவு பேசினது இன்னைக்குத்தான்" என்றாள் அவள். ஸ்கேன் எடுத்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

எட்டாம் மாதத்தில் ஒருநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் மனைவி வந்து நின்றாள். "ராத்திரியிலேருந்து அசையவே இல்லங்க" என்றாள். அவளுடைய அக்காவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அதே அறை, அதே பெண். வயிற்றில் கருவியை வைத்தவள் பேச்சை நிறுத்தினாள். கருவியைச் சாய்த்தாள், அழுத்தினாள், இந்தப் பக்கம் கொண்டுவந்து மறுபடி சாய்த்தாள். சந்தேகமான ஒட்டில், கண்ணில் படுவதை நம்ப மனமில்லாதபோது அவரும் இப்படித்தான் செய்வார். அவள் நிறம் காட்டும் பொத்தானைத் தட்டினாள். நெஞ்சுக்கூடு தெளிவாகத் தெரிந்தது. அதற்குள் இதயமும் தெரிந்தது. நிறம் வரவில்லை. போன அலை போன மாதிரியே திரும்பிக்கொண்டிருந்தது.

மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர், தன்னையறியாமல் அதை விட்டுவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போனார்.

"தூங்குது போல. அவங்கப்பா மாதிரி தூங்குமூஞ்சி" என்றாள் அக்கா.

"இருங்க, பெரிய டாக்டரக் கூட்டிட்டு வரேன்" என்று அந்தப் பெண் வெளியே போனாள். போகும்போது அவர் முகத்தைப் பார்த்து, உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னங்க சொல்றாங்க?" என்றாள் மனைவி.

"டாக்டர் வரட்டும்" என்றார். டாக்டர் வரும்வரை அவள் கூரையைப் பார்த்தபடி, பெயர் என்ன வைக்கலாம் என்று அக்காவோடு வம்பு பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பிறந்தது பெண். மூக்கு அப்படியே அவருடையது. துண்டில் சுற்றிக் கொடுத்தார்கள். கனமாக இருந்தாள். அவர் அவளை வாங்கி, கழுத்து சாயாமல் கையை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பியபோது யாரும் அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. விஷயம் தெரியாத புது வெல்டர் ஒருவன் மட்டும், கேள்விப்பட்ட பேச்சை நம்பி, "குழந்தை எப்படி இருக்கு டாக்டரே?" என்றான். கிரைண்டர் ஓட்டியவன் அதை நிறுத்திவிட்டான்.

"நல்லா இருக்குப்பா" என்றார். ஒட்டு நன்றாகத்தான் இருந்தது. கையிலிருந்த பசையைத் துடைத்துவிட்டு, இரண்டு தொட்டிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே மனைவி கேட்டாள்: "டாக்டர் வர்றதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சில்ல?"

"தெரிஞ்சுது."

"சொல்லாட்டி போகுது. கைய ஏன் விட்டீங்க?"

அவர் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தார். அவள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனவள், மழைக்காலம் முழுவதும் திரும்பவில்லை. அவர் ஞாயிறுதோறும் போய், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவார். சில நாள் அவள் உள்ளேயிருந்து வெளியே வரவே மாட்டாள்.

பிறகு ஒருநாள் தானாகவே பையோடு வந்து இறங்கினாள். அன்று மதியம் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று கேட்டாள்.

"நான் பேசினதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்குமா?"

அவர் யோசித்துத்தான் சொன்னார். "கேட்டிருக்கும். உன் குரல் உன் எலும்பு, சதை வழியாவே அவகிட்ட போயிடும். நல்லாவே கேட்டிருக்கும்."

"உங்க குரல்?"

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "காத்துல வர்ற சத்தம் தோல்ல பட்டு முக்காவாசி திரும்பிடும். கொஞ்சம்தான் உள்ள போகும்."

"நீங்க வயித்துல வாய வச்சு அழுத்திக்கிட்டுத்தானே பேசுவீங்க? எனக்கே கிச்சுகிச்சு மூட்டும்."

அவர் மடித்த சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ கொஞ்சம் கூடவே போயிருக்கும்" என்றார்.

அவள் அழவில்லை. ஒரு போர்வையின் முனையை அவரிடம் நீட்டினாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறினார்கள். அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.