அம்மாவிடம் கம்ப்யூட்டர் கேட்ட கேள்வி

2003ஆம் ஆண்டு. பதினோராம் வகுப்பு முடிவில் வரும் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் நான்தான். இலங்கையின் றக்வான பஜாரில், ஒரு கடையின் மேல்மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்புக்குச் சனிக்கிழமைகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து போய்வருவேன். மிஸ் சிங்களத்தில்தான் சொல்லித்தருவார்.

என் முதல் புரோகிராம் மிகச் சிறியது. "யாரு?" என்று ஆங்கில எழுத்தில் கேட்கும். பெயரை அடித்தால் அந்தப் பெயருக்கு வணக்கம் சொல்லும். அவ்வளவுதான். ஆனாலும் அம்மாவுக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று ஒரு தவிப்பு. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகவிருந்தார். அதற்குமுன் அவர் தன் பெயரைத் திரையில் பார்த்துவிட வேண்டும்.

குவைத்துக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரரைப் பார்க்க டவுனுக்கு வந்த அம்மாவை மேலே கூட்டிப்போனேன். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"என்னடா கேக்குது இது?"

"யாருன்னு கேக்குதும்மா. நீ சொல்லு, நான் அடிக்கிறேன்."

அம்மா சட்டென்று நிமிர்ந்தார். "நூத்தி நாப்பத்தேழு!"

கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை "யாரு?" என்று கத்தினால் பெயரை அல்ல, சம்பளப் பதிவேட்டில் உள்ள செக்ரோல் நம்பரைத்தான் சொல்ல வேண்டும். அவர் சொன்ன வேகத்தில் நானும் அதையே அடித்துவிட்டேன். 147க்கு வணக்கம் என்றது திரை. பக்கத்து மேசைப் பையன்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்.

"பரவாயில்லியே, நம்ம நம்பரு இதுக்கும் தெரிஞ்சிருக்கு."

"இல்லம்மா, பேரச் சொல்லு" என்பதற்குள் கீழே பஸ் ஹார்ன் அடித்தது. அதை விட்டால் தோட்டத்துக்கு வேறு பஸ் இல்லை. அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

பிறகுதான் மிஸ் நிபந்தனை போடக் கற்றுத்தந்தார். இப்படி வந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய். நான் உடனே என் புரோகிராமைத் திருத்த உட்கார்ந்தேன். நம்பர் வந்தால் ஏற்காதே, "உங்க பேரு என்ன?" என்று கேள், பெயர் வரும்வரை கேட்டுக்கொண்டே இரு. பிழைமேல் பிழை வந்தது. அது சரியாக ஓடிய அன்று அம்மா குவைத்தில் இருந்தார்.

போனில் சொன்னேன். "இப்ப நம்பர் சொன்னா அது ஏத்துக்காதும்மா."

"அப்ப அதுக்குக் கணக்கப்புள்ள வேல குடுக்க மாட்டாங்க" என்று சிரித்தார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். லைன் போய்விட்டது.

அம்மா இன்னும் வரவில்லை. ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டே போகிறார். அந்தப் புரோகிராமைப் பதிந்து வைத்த பிளாப்பியை இப்போதும் சில நாள் போட்டுப் பார்ப்பேன். பெயரை நானே அடித்துவிடலாம். அடிப்பதில்லை. அம்மா அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, தன் வாயால் தன் பெயரைச் சொல்லும்வரை, அது கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.