எந்த ல

டெக்ஸாஸில் ஆலன் என்ற ஊருக்கு வந்த புதிதில் சனிக்கிழமைகளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. துணி துவைத்து, வாரத்துக்கான சாம்பாரை வைத்து ஃபிரிட்ஜில் ஏற்றிய பிறகும் நாள் அப்படியே மிச்சமிருக்கும். ரூம்மேட்டை விட்டால் பேச ஆள் இருக்காது. அப்படியொரு சனிக்கிழமையில்தான் பக்கத்து ஊர் நூலகத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். பழைய கடிதங்களைப் படித்துக் கணினியில் ஏற்ற ஆள் தேவை, சம்பளம் கிடையாது என்றிருந்தது. பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.

ரூம்மேட் சென்னைக்காரன். "ஃப்ரீயா வேலை பாக்க அமெரிக்கா வந்த மொத ஆளு நீதான் மச்சான். யாரோட லெட்டர்? எவனாவது ஜனாதிபதியா?"

"ஒரு அம்மாவோட லெட்டர்டா."

"உங்கம்மாவுக்கு மொதல்ல நீ ஒரு லெட்டர் போடு."

டெக்ஸாஸில் ஊர்களே இல்லாத காலத்தில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு நிலம் தேடி வந்த ஒருவனுக்கு, டென்னசி மலைப்பக்கத்திலிருந்து அவன் தாய் எழுதிய கடிதங்கள் அவை. தாளை மிச்சம் பிடிக்க, நெடுக்காக எழுதி முடித்ததும் தாளைத் திருப்பி அதே எழுத்தின் மேல் குறுக்காகவும் எழுதியிருந்தாள். எந்தப் பசு கன்று போட்டது, நீ இருக்கும் இடத்தில் தண்ணீர் உப்பா நல்லதா, விறகு கிடைக்கிறதா. காதில் கேட்டபடி எழுதிய ஆங்கிலம். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. மகன் எழுதிய பதில்கள் டென்னசியிலேயே எங்கோ போய்விட்டன. அவன் எடுத்து வைத்திருந்தவை மட்டும்தான் எங்கள் முன்னால் இருந்தன.

மற்றவர்கள் அந்த எழுத்தோடு மல்லுக்கட்டினார்கள். எனக்கு அது பழகிய எழுத்து மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அம்மா போன வருஷம்தான் ஊர்ப் பள்ளியில் சாயங்காலம் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் சேர்ந்தாள். நோட்டில் எழுதி, அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவாள். எழுத்துக்கு மேல் புள்ளியே வைக்க மாட்டாள். கேட்டால், "எழுதி முடிக்கிறதே பெரும்பாடு, அதுக்கு மேல பொட்டு வேற வைக்கணுமாக்கும்," என்பாள். ல, ள, ழ மூன்றில் முதலாவதை மட்டும்தான் படித்திருந்தாள். மற்ற இரண்டும் அதற்குள்ளேயே ஒண்டிக்கொண்டன.

தினம் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே போன். அதுவும் எப்போதும் ஸ்பீக்கரில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே அந்த வீட்டில் ரகசியம் வைக்க எழுத்தைவிடப் பத்திரமான இடம் அம்மாவுக்குக் கிடையாது.

ஒருநாள் இப்படி எழுதியிருந்தாள்: "வயிததுல கடடி டாகடரு பாததாரு வேற வலி இலல அபபாவுககு தெரியாது பயபபடாத."

வயிற்றில் கட்டி, டாக்டர் பார்த்துவிட்டார், வேறு வலி இல்லை, பயப்படாதே. அப்படித்தான் படித்தேன். அப்படிப் படிப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஊருக்குப் போனால் அங்கே தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங் முடித்துத்தான் திரும்ப முடியும். தேதி கிடைக்காமல் மாதக்கணக்கில் மாட்டி வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும். மறுநாள் போனில், "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்றேன். "நல்லாருக்கேன்யா," என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, நூலகத்துப் பெண்மணி ஒரு வரியைக் காட்டினார். எனக்கு முன் யாரோ படித்துத் தட்டச்சு செய்தது. 'நீ செய்வது சரியில்லை' என்று தாய் மகனைக் கண்டிப்பதாக அதற்கொரு குறிப்பும் எழுதியிருந்தார்கள். இத்தனை பாசமாக எழுதுகிறவள் ஏன் திடீரென்று சீறுகிறாள் என்று கேட்டார்.

நான் மூலத்தை வாய்விட்டுப் படித்தேன். ஆங்கிலத்தில் சரி என்பதற்கும் எழுது என்பதற்கும் ஒரே ஓசை, ரைட். அவள் திட்டவில்லை. நீ எழுதுவதே இல்லை என்றுதான் சொல்லியிருந்தாள்.

பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம், இவ்வளவு காலம் அவளைக் கோபக்காரி ஆக்கி வைத்திருந்தோமே என்றார். நான் சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் கை போனைத் தேடியது.

காருக்குள் போய் உட்கார்ந்தேன். வெயிலில் ஸ்டியரிங் தொட முடியாமல் கொதித்தது. அம்மாவின் தாளை அதுவரை கண்ணால் மட்டும்தான் படித்திருந்தேன். இப்போது அவள் பேசுகிற மாதிரி வாய்விட்டுப் படித்தேன். டாக்டரு பாத்தாரு. வேற வளி இல்ல. எங்கள் ஊர் வாயில் வழியும் வளிதான்.

அங்கே நடுநிசி. இங்கே இருட்டும்வரை காத்திருந்து கூப்பிட்டேன். அப்பாதான் எடுத்தார்.

"என்னய்யா, ஒனக்கு இன்னைக்கு லீவா? அங்க இப்ப பகலா ராத்திரியா?"

"இப்பத்தான் இருட்டுச்சுப்பா. அம்மா இருக்கா?"

"இந்தா, பக்கத்துலதான் டீ ஆத்துறா. பேசு, கேக்கும்."

"அம்மா, நோட்டுல எழுதிப் போட்டிருந்தியே. அதுல ஒரு எழுத்து வெளங்கல."

"எல்லாம் தப்புந் தவறுமாத்தான்யா இருக்கும்."

"வேற, அப்புறம் ஒரு வார்த்தை, அப்புறம் இல்லன்னு எழுதியிருக்க. அந்த வார்த்தையில வர்ற ல, எந்த ல-ம்மா?"

அப்பா சிரித்தார். "இதுக்காடா அமெரிக்காவுல இருந்து போன் போடுற? டீச்சரம்மாகூட இவள இம்புட்டுப் பாடாப் படுத்தாது."



"வாழைப்பழத்துல வருமே, அதுவாம்மா?"

டீ ஆற்றும் சத்தம் நின்றது.

"அதுதான்யா," என்றாள். "ஒனக்காச்சும் வெளங்குச்சே."

"இனிமே இவளும் பரீட்சை எழுதப் போறா," என்றார் அப்பா.

போனை வைத்துவிட்டு ஆபீஸ் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்தேன். அம்மாவுக்குத் தெரிந்த எழுத்துகளை மட்டும் வைத்து, பெரிது பெரிதாக, புள்ளி வைக்காமல் எழுதினேன்: "வலி இருககு நான வரேன." பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியெல்லாம் நினைவுக்கு வந்தது. எட்டிப் பார்த்த ரூம்மேட், "யாருக்குடா வலி?" என்றான். நான் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அப்பா பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் வந்தது. "என்னமோ எழுதி அனுப்பிச்சிருக்க. உங்கம்மா படிச்சிட்டு அடுப்படிக்குள்ள போனவ வெளியவே வரல. அப்படி என்னய்யா எழுதுன?"

அதை இரண்டாம் முறை ஓடவிட்டுக்கொண்டே, மேனேஜருக்கு லீவு கேட்டு எழுத ஆரம்பித்தேன். திரும்பி வரும் தேதி என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டேன்.