மருதாணி அறையின் சன்னல்

பாலைவன விளிம்பிலுள்ள மிரியா ஊரில் மணப்பெண்களுக்கு மருதாணி இடுபவர் தேலு. மணப்பெண்ணையும் தோழியரையும் மூன்று நாள் ஓர் அறைக்குள் உட்காரவைத்து, கைகால்களில் அப்பிய மருதாணியைத் துணியால் சுற்றிவைப்பது அங்கே வழக்கம். வடக்கிலிருந்து புழுதிக்காற்று இறங்கும் மாதங்களில் மண் ஒட்டினால் நிறம் திட்டுத்திட்டாகிவிடும். ஆகவே, சன்னல் இடுக்குகளிலெல்லாம் ஈரத்துணியைத் திணித்து அடைத்துவிடுவார் தேலு.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு பிப்ரவரியில், அப்படி அடைத்த அறையில் பதினோரு பெண்கள் இருந்தார்கள். வறண்ட தொண்டையோடு இருமியபடியே, ஒரே சுரைக்குடுக்கையிலிருந்து ஒரே அகப்பையால் கம்பங்கூழ் குடித்தார்கள். நான்காம் நாள் காலையில் மணப்பெண்ணின் தங்கை ரக்கியா, "கழுத்தக் குனிக்க முடியல தேலுக்கா, வெளிச்சம் கண்ணக் குத்துது" என்றாள். அந்த வாரத்திலேயே அவளும் இன்னொருத்தியும் இறந்துபோனார்கள்.

விசாரிக்க வந்த சுகாதார ஊழியர் யாரையும் பழிக்கவில்லை.

"மூளைக்காய்ச்சல் கிருமி நல்லா இருக்கிறவங்க தொண்டையிலயே சும்மா உக்காந்திருக்கும்மா. புழுதியில தொண்டை புண்ணாகி, மூடின அறையில நெருக்கியடிச்சுப் படுத்தா, ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குத் தாவிடும். ஒண்ணா உக்காந்த நாள்லேருந்து பத்து நாள் யாருக்கும் ஒண்ணும் வராம கழிஞ்சாத்தான் நிம்மதி."

"என் தொண்டையிலயும் இருந்திருக்குமா?" என்று கேட்டார் தேலு.

"யார் தொண்டையிலன்னு இனி சொல்ல முடியாதும்மா."

ஆமென்றிருந்தால் அழுதிருப்பார், இல்லையென்றிருந்தால் உறங்கியிருப்பார். இரண்டுமற்ற அந்தப் பதில் அவரோடு வீட்டுக்கு வந்து தங்கிவிட்டது. அதன்பின் மழைக்காலத் திருமணங்களை மட்டுமே ஏற்றார். அப்போதும் எந்த ஈரத்துணியைப் பிழிந்தாலும் ரக்கியாவின் குரல் கேட்கும்.

இந்த ஆண்டு அவருடைய மகள் லந்தானாவுக்கே பிப்ரவரியில் நாள் குறித்தார்கள். மாப்பிள்ளைக்கு வேறு மாதத்தில் விடுப்பு இல்லை. தேலு முற்றத்தில் பந்தல் போட்டு, பாய்களைத் தள்ளித்தள்ளி விரித்தார். நாத்தனார் தபாவா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அண்ணி, பொண்ணுக்கு மருதாணி போடுறீங்களா, இல்ல மண்ணுல பொரட்டிக் கருவாடு காயவைக்கிறீங்களா?"

"கருவாடுன்னே வச்சுக்க. ஆளுக்கொரு அகப்பை எடுத்து வை."

"ஒரே குடுக்கையில குடிக்காதவளுங்க என்ன தோழிங்க? தேலு தன் பொண்ணுக்கே கை சிவக்க வைக்கலன்னு மாப்பிள்ளை வீட்டுல சிரிப்பாங்க."

"தடுப்பூசி போடாத பொண்ண உள்ளேயே விடமாட்டேன். அதுக்கும் சேத்துச் சிரிக்கட்டும்."

மூன்று நாளும் வாயைத் துணியால் கட்டிக்கொண்டே மருதாணி இட்டார். திருமண வீடுகளில் முதல் பாட்டு அவருடையதுதான். இம்முறை அவர் பாடவில்லை. காலைதோறும் தோழியரை வரிசையாக நிறுத்தி, மோவாய் நெஞ்சில் படும்படி குனியச் சொன்னார். அவர்கள் சிரித்துக்கொண்டே குனிந்தார்கள்.

நான்காம் நாள் காலையில் துணிக்கட்டுகளை அவிழ்த்தார்கள். தபாவா பயந்தபடியே மண் ஒட்டி நிறம் திட்டுத்திட்டாக இருந்தது. கடைசியாக நின்ற லந்தானா முகம் சுருங்கி, அசையாமல் இருந்தாள்.

"குனிம்மா."

லந்தானா தலையைத் தாழ்த்தினாள். மோவாய் நெஞ்சில் பதிய, தன் பாதங்களையே வெகுநேரம் பார்த்தாள்.

"எவ்வளவு அசிங்கமா இருக்கு பாரும்மா. ஊருக்கெல்லாம் நல்லா போட்டுட்டு, எனக்கு மட்டும் இப்படியா?"

தேலு விரல்விட்டு எண்ணினார். அந்தப் பத்து நாளில் இன்னும் ஆறு நாள் இருந்தது.