எச்சில் பட்ட ஐசிங்

1. கரண்டி

இன்ஸ்பெக்டிரஸ் அம்மா மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. அப்போது மணி ஒன்றரை. அரியலூரில் எங்கள் பெண்கள் பள்ளியின் சமையல் வகுப்பில் அறுபது பிஸ்கட்டுகள் ஆறிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் பூ வரைவதற்கு ஒரு கிண்ணம் வெள்ளை ஐசிங் தயார். கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளிப்பு போதவில்லை. எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டு, அதே கரண்டியால் கிண்ணத்தைக் கலக்கினேன்.

நிமிர்ந்தால், பன்னிரண்டு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார்கள்.

"டீச்சர், எச்ச பண்ணிட்டீங்களே!" என்றாள் கமலம்.

டொமஸ்டிக் சயின்ஸ் பயிற்சிக்குப் போகப்போகும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மதராஸில் அந்தப் பயிற்சியை முடித்து வேலைக்கு வந்து மூன்று வருடந்தான் ஆகிறது. பயிற்சியில் எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு. ஐசிங்குக்கு ஏழு படிகள். ஐந்தாவது, 'ருசி பார்த்துச் சரிசெய்யவும்'. முட்டை வெள்ளைக்குப் பதில் எலுமிச்சைச் சாறும் பாலும் சேர்த்து, பாடத்தை ஊருக்கு ஏற்றபடி மாற்றிவிட்டேன் என்று அன்று காலைதான் பெருமைப்பட்டிருந்தேன். நானும் பெரம்பலூர்க்காரிதான். எங்கள் வீட்டில் இப்படிச் செய்திருந்தால் அம்மா என்னைச் சமையலறையை விட்டே வெளியேற்றியிருப்பாள். இரண்டு வருடம் ஹாஸ்டலில் பழகிய கை, அவசரத்தில் அதன் வேலையைக் காட்டிவிட்டது.

சமையல் வகுப்பு அப்போது ஒரு வருடச் சோதனையில் இருந்தது. இன்ஸ்பெக்டிரஸ் நல்லபடியாக எழுதினால் நிலைக்கும். இல்லாவிட்டால் வகுப்பை மூடிவிட்டு நான் பெரம்பலூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

வேறு ஐசிங் செய்யச் சர்க்கரை இல்லை. யுத்தகாலம். தலைமை ஆசிரியையும் நானும் இரண்டு வாரம் சர்க்கரை போடாத காபி குடித்து, ரேஷனில் மிச்சம் பிடித்த சர்க்கரை முழுவதும் அந்தக் கிண்ணத்தில் இருந்தது.

விஷயத்தைக் கேட்டுத் தலைமை ஆசிரியை ஓடிவந்தார். கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "அந்தம்மாவுக்கு என்ன தெரியப்போவுது? பேசாம பூவைப் போட்டு வையி."

"தெரிஞ்சே எச்சிலை எப்படிங்க விருந்தாளிக்குக் குடுக்குறது?" என்றாள் கமலம். "எங்களுக்குத் தெரியுமே."

அதுதான் என்னைத் தடுத்தது. பன்னிரண்டு பேருக்குத் தெரியும். அவர்கள் முன்னால் அந்தக் கிண்ணத்தை நான் உபயோகித்தால், மறுநாள் எந்தச் சுத்தத்தைப் பற்றி அவர்களுக்குப் பாடம் சொல்வது? கிண்ணத்தை மூடி என் பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

2. பதம்

கைவசம் இருந்தவை: எறையூர்ப் பக்கத்து வெல்லம் ஒரு சட்டி. வெண்ணெய் ஓர் உருண்டை. ஆண்டிமடத்திலிருந்து ஒரு மாணவியின் அப்பா அனுப்பிய முந்திரிப் பருப்பு. நேரம், ஒரு மணிக்குச் சற்று மேல்.

"வெல்லப் பாகு காய்ச்சி ஊத்திட்டா என்னங்க டீச்சர்? அதிரசத்துக்கு வைக்கிற மாதிரி?" என்றாள் கமலம்.

"அது இறுகிப்போனா பல்லு உடையுமே."

"இளம்பதத்துல எறக்கிட்டு வெண்ணெய் போட்டு அடிச்சா இறுகாதுங்க. வாயில வைக்காமலே பதம் சொல்லுவேன், பாருங்க."

கடைசி வாக்கியத்தில் இருந்த குத்தல் எனக்குப் புரிந்தது. மற்றப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வெல்லம் கொதித்ததும் கமலம் வேறொரு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு விரலால் திரட்டினாள். கரைந்தது. இரண்டாம் முறையும் கரைந்தது. மூன்றாம் முறை மெத்தென்று உருண்டது. "எறக்குங்க!" என்று கத்தினாள். வெண்ணெய் சேர்த்து ஆள் மாற்றி ஆள் அடித்தோம். பாகு வெளுத்து, மரப்பொடி நிறத்தில் பளபளவென்று நின்றது. காகிதக் கூம்பில் அடைத்துப் பார்த்தேன். முதல் பூ வரைவதற்குள் நுனி அடைத்துக்கொண்டது. பெண்கள் கூம்பை ஓரம் கட்டிவிட்டுக் கரண்டி நுனியால் கோடு இழுத்தார்கள். கோட்டின் நடுவில் பாதி முந்திரி.

மணி மூன்றாயிற்று. இருபது பிஸ்கட்டுகள்தான் முடிந்திருந்தன. நல்ல வேளையாக, இன்ஸ்பெக்டிரஸ் பெரம்பலூரிலிருந்து வந்த, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் வழியில் நின்றுவிட்டது. அவர் முகமெல்லாம் கரியோடு வந்து சேர்ந்தபோது மணி நாலரை. அறுபதும் தயார்.

3. தட்டு

நோட்டுகளைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். மணல் போட்ட இரும்புச் சட்டியில் பிஸ்கட் வேகும் விதத்தைக் கேட்டார். பிறகு பெரிய தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாதி கடித்தார்.

"பேஷ்! இது என்ன ஐசிங்? நான் எங்கேயும் சாப்பிட்டதில்லையே!"

சொன்னவர், பேனாவை எடுப்பதற்காகக் கையில் இருந்த பாதி பிஸ்கட்டைத் திரும்பத் தட்டின் நடுவிலேயே வைத்தார்.

பன்னிரண்டு ஜோடிக் கண்களும் தட்டின் மேல். அடுத்த பிஸ்கட் தலைமை ஆசிரியைக்கு. அவர் கை பாதி தூரத்தில் நின்றுவிட்டது.

கமலம் முன்னால் போய், தட்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். "இந்தத் தட்டு பூராவும் உங்களுக்குத்தாங்கம்மா. வூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

"இத்தனையுமா! எனக்கே எனக்கா?" என்று அந்த அம்மாள் குழந்தை மாதிரிச் சிரித்தார். மீதி பிஸ்கட்டுகள் வேறு தட்டுகளில் உள்ளே பத்திரமாக இருந்தன. எல்லோரும் அவற்றிலிருந்து சாப்பிட்டோம்.

வகுப்பு நிலைத்தது. மாணவிகள் தாராள மனத்துடன் உபசரிக்கப் பழகியிருப்பதாக ரிப்போர்ட்டில் ஒரு வரி தனியாக இருந்தது. அதைப் படித்துக் காட்டியபோது கமலம் சொன்னாள்: "நீங்க கிண்ணத்தோட விட்டீங்க டீச்சர். அவங்க தட்டையே எச்ச பண்ணிட்டாங்க."

வெள்ளை ஐசிங்கை ஒரு வாரம் தோசைக்குத் தொட்டுக்கொண்டு நானே தீர்த்தேன். புளிப்பு சரியாகத்தான் இருந்தது.

என் பட்டியலில் இப்போது எட்டுப் படிகள். ஐந்தாவதைத் திருத்தியிருக்கிறேன்: 'உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்க்கவும், கரண்டி வாய்க்குப் போகக் கூடாது.' அது எனக்காக. எட்டாவதைப் புதிதாகச் சேர்த்தேன்: 'விருந்தாளிக்குத் தனித் தட்டு வைக்கவும்.' அது இன்ஸ்பெக்டிரஸ்களுக்காக.