ரோமரும் எங்கள் சனிக்கிழமைப் பள்ளிக்கூடமும்

ரோமர் எப்படி எழும்பினார்கள், எப்படி விழுந்தார்கள் என்று எனக்குப் படிப்பித்தது என் மூத்த மகளின் பள்ளிக்கூடப் புத்தகம். தொண்ணூறுகளின் தொடக்கம். அவள் கட்டுரை எழுதவேண்டியிருந்தது. உதவி செய்ய எனக்குத் தெரியாது. முதலில் நான் வாசித்துப் பார்ப்போம் என்று அந்த இங்கிலீஷ் புத்தகத்தை நான் வேலை செய்த பெட்ரோல் ஸ்டேசனுக்குக் கொண்டுபோனேன். பகல் ஷிப்டில், அகராதியோடு, ஒரு கிழமை பிடித்தது.

அரசனைத் துரத்திவிட்டு அவர்கள் இரண்டு பேரைத் தலைவர்களாக வைத்தார்கள். ஒருத்தர் செய்வதை மற்றவர் மறிக்கலாம். ஒரு வருசம் முடிந்தால் எழும்பிப் போகவேணும். தோற்றுப்போன ஊர்க்காரர் பலருக்குத் தங்கள் குடியுரிமையையும் கொடுத்தார்கள். நேற்று எதிர்த்துச் சண்டை பிடித்தவனின் மகன் நாளைக்கு ரோமப் படையில் நின்றான். ஆள்பலம் அப்படித்தான் பெருகியது. வாசிக்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. நாங்களும் அப்படித்தானே செய்தோம் என்று நினைத்தேன்.

ஏனென்றால் அப்போது லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் நடந்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் செயலாளர். எண்பதுகளின் கடைசியில் ஐந்து தகப்பன்மார் சேர்ந்து ஒரு தேவாலய மண்டபத்தில் தொடங்கினது. எந்த ஊர், ஆருடைய ஆள் என்று ஒருத்தரையும் கேட்கவில்லை. மலேசியாக்காரர் ஒருவரின் பிள்ளைகளும் வந்தார்கள். சங்கத்தின் யாப்பை, விதிமுறைகளை, எழுதினதும் நாங்கள்தான்: செயலாளர் இரண்டு வருசத்துக்கு மேல் இருக்க ஏலாது.

இரண்டு வருசம் முடிந்தது. நான் இறங்கவில்லை. என்னைப்போல ஆர் ஓடித்திரிவான் என்ற நினைப்பு.

எங்கள் ஆட்களின் பொதுக்கூட்டம் தெரியும்தானே. முன்மொழிகிறவரையும் வழிமொழிகிறவரையும் முந்தின கிழமையே போனில் பிடித்துவைப்போம். மண்டபத்தில் எல்லாம் 'ஏகமனதாக' முடியும். அந்த முறை ஏகமனது கிடைக்காது என்று மணந்தது. லண்டனின் மற்றத் தொங்கலில் உள்ள சட்டனில் இருந்து மச்சானின் ஆட்களை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அவர்களில் ஒருத்தருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளை இல்லை.

"நான் இருமினா எல்லாரும் கையைத் தூக்குங்கோ. பிறகு கொத்துரொட்டி இருக்கு" என்று மச்சான் வானுக்குள் பாடம் எடுத்தார்.

அந்தக் கைகளால் யாப்பை மாற்றி, நான் அதே செயலாளர் கதிரையில் இருந்தேன்.

அடுத்த கிழமை மூத்தவள் கட்டுரையின் கடைசிப் பகுதியைச் சாப்பாட்டு மேசையில் எனக்குச் சொல்லிக் காட்டினாள். "பிறகு ஜெனரல்மார் தங்கடை ஆமியோடை ரோமுக்குள்ளை வரத் தொடங்கிட்டினம் அப்பா. ஆமிக்கு நாட்டைத் தெரியாது, ஜெனரலைத்தான் தெரியும். ஒருத்தர் செய்ததைப் பாத்து மற்றவையும் பழகிட்டினம். உங்கடை வான் மாதிரி."

"வாயைப் பொத்திக்கொண்டு எழுது" என்றேன்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்குச் செவன் கிங்ஸில் இருந்து இரண்டு மினிபஸ் வந்தது. ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினவர் எங்கள் ஐவரில் ஒருவர், என்னோடு சேர்ந்து யாப்பு எழுதினவர். வாசலில் என் கையைப் பிடித்துச் சிரித்தார். "அண்ணை, நீங்கள் காட்டின வழிதானே."

தோற்றேன். முகம் முறியாமல் இருக்க, பொன்னாடை போர்த்தி என்னைப் போஷகர் ஆக்கினார்கள். எங்கள் சங்கங்களில் போஷகர் என்றால் அழைப்பிதழில் பெயர் மேலே இருக்கும், மண்டபக் கதவின் திறப்பு வேறு ஆளின் சட்டைப்பையில் இருக்கும். மேற்கு ரோமின் கடைசி அரசன் ஒரு பொடியன். அவனை இறக்கினவன் அவனைக் கொல்லவும் இல்லை, ஒரு மாளிகைக்கு அனுப்பிவிட்டான். பயப்படத் தேவையில்லாத ஆளை ஏன் மினக்கெட்டுக் கொல்லவேணும்?

பொன்னாடையோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இன்னொரு மண்டபம் எடுத்து, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வகுப்புத் தொடங்கினேன். ஆசிரியர்கள் பாதிப் பாதியாகப் பிரிந்தார்கள். மலேசியாக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்பினார். முதலில் செத்தது என்னுடைய வகுப்பு. அவர்களுடையது பிறகும் ஒன்றரை வருசம் இழுத்தது.

அந்த ஒன்றரை வருசத்தைப் பற்றித்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன். சின்னவனுக்கு அப்போது ஏழு வயது. சனிக்கிழமைகளில் வீட்டில் டிவிக்கு முன்னால் இருந்தான்.

"இஞ்சாருங்கோ, அவனை அங்கை கொண்டுபோய் விடுங்கோவன். அவை என்ன பிள்ளையை விழுங்கவே போயினம்?" என்று, பிள்ளைகளே, உங்கள் அம்மா கேட்டா.

"என்ரை பிள்ளை அந்த வாசலை மிதிக்காது."

அதைச் சொன்ன வாய் என்னுடையது. கவுன்சில் எங்களை மூடச் சொல்லவில்லை, வெள்ளைக்காரன் மறிக்கவில்லை. சின்னவன் உயிர்மெய்யில் 'த' வரிசையோடு நின்றுபோனான். இன்றைக்கும் அதற்கு அங்காலே அவனுக்கு வாசிக்க வராது.

மூத்தவளே, இதை நீதான் அவனுக்கு வாசித்துக் காட்டவேணும். என் பிழை வருகிற இடத்தில் குரலைத் தணிக்காதே.