அலமாரியில் விரித்த நீலத் தாள்

என் வீட்டுக்காரருக்குக் கத்தி செய்வது தொழில். எஃகு தேர்ந்தெடுப்பது பைத்தியம். என்னைக் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவெடுக்க அவருக்கு அரை நாள்கூட ஆகவில்லை. ஒரு பட்டை எஃகு வாங்க இரண்டு மாதம் ஆகும். அதுவும் ஜப்பான் எஃகுதான் வேண்டும்.

அதில் இரண்டு ரகம் அவருக்கு உயிர்: வெள்ளைத் தாள் எஃகு, நீலத் தாள் எஃகு. எந்த நிறத் தாள் சுற்றி வருகிறதோ அதுவே பெயர். வெள்ளை சட்டென்று கூர் ஏறும். நீலத்தில் வேறு உலோகமும் கொஞ்சம் கலந்திருப்பதால் கூர் நாள்கணக்கில் நிற்கும். தாளை உரித்துவிட்டால் இரண்டும் ஒரே கறுப்புப் பட்டை. இதை அவர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். நானும் நூறு தடவை "ம்" கொட்டியிருக்கிறேன். காதில் வாங்கினால்தானே!

அவர் செய்த கத்தி ஒன்றுகூட என் சமையலறையில் கிடையாது. அறுத்த கையோடு துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் துரு. கத்திக்குப் பணிவிடை செய்யவா நான் இவரைக் கட்டிக்கொண்டேன்? கடையில் வாங்கிய பச்சைப் பிடி கத்தியே போதும் என்று பத்து வருஷமாகச் சொல்லி வந்தேன். அவர் வற்புறுத்தியதில்லை. முகம் மட்டும் கொஞ்சம் சுருங்கும்.

ஒருநாள் பெரிய ஹோட்டலின் தலைமைச் சமையல்காரம்மா பட்டறைக்கே வந்தார்.

"மாதிரிக்கு ஒரு கத்தி குடுங்க. நீலத் தாள் எஃகுதான் வேணும். பிடிச்சுப் போச்சுன்னா எங்க சமையல்கட்டு முழுக்க உங்க கத்திதான்."

இவர் போன வருஷம்தான் தொழிற்சாலை வேலையை விட்டு முழுநேரமும் கத்தி செய்ய இறங்கியிருந்தார். இது கைநழுவினால் திரும்ப அங்கேயே போய் நிற்க வேண்டும்.

நான் என்ன செய்தேன்? மறுநாள் பட்டறையைப் பெருக்கப் போனேன். மூலையில் இரண்டு பட்டைகள், மேலே நல்ல கெட்டித் தாள். இரண்டையும் உரித்து வந்து டப்பா அலமாரியில் விரித்துவிட்டேன். அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது.

சாயங்காலம் அவர் அலமாரியைப் பார்த்தார். பட்டறைக்கு ஓடினார். சாணைக்கல் கிர்ரென்று சுற்றி நிற்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எது நீலம்னு ஞாபகம் இருக்கா?"

"இடது பக்கம்... இல்ல, வலது பக்கமோ?"

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். மனுஷன் திட்டவில்லையே!

"சரி விடு. ரெண்டுலயும் ஒவ்வொரு கத்தி செய்றேன். ஒரு வாரம் ரெண்டையும் வச்சு அறுத்துப் பாரு. முதல்ல மழுங்குறது வெள்ளை."

ஒரு கத்தியின் பிடியில் ஒரு புள்ளி, இன்னொன்றில் இரண்டு. தப்பு செய்தவள் நான்; வாயை மூடிக்கொண்டு அறுத்தேன். வெங்காயம், பூசணி, முட்டைக்கோஸ். அறுக்க அறுக்கத் துடைத்தேன். அக்கம்பக்கத்துக்கெல்லாம் நறுக்கிய காய் போனது.

"அக்கா, வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று எதிர்வீட்டுக்காரி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

ஐந்தாம் நாள் ஒரு புள்ளிக் கத்தி தக்காளித் தோலில் வழுக்கியது. "இதாங்க வெள்ளை!" என்று பட்டறைக்கே ஓடிக் கத்தினேன். இரண்டு புள்ளி ஹோட்டலுக்குப் போனது. பத்தே நாளில் சமையல்காரம்மா இருபது கத்திக்குச் சொல்லி அனுப்பினார்.

சேதி கேட்டு என் கொழுந்தன் வந்தார். லேத் பட்டறை வைத்திருப்பவர். நான் கண்டுபிடித்த பெருமையை அளந்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணி, சாணைக்கல்லுல ஒரு தடவை வச்சா போதுமே! வெள்ளைன்னா பொறி பளிச்சுனு பூப்பூவாத் தெறிக்கும். நீலம்னா செவப்பா அடங்கி வரும். அண்ணனுக்குத் தெரியாததா?"

திரும்பிப் பார்த்தேன். இவர் சுவரை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னைக்கே. வந்து நாற்காலியில உக்காரும்போதே."

"அப்புறம் எதுக்கு என்னைப் போட்டு ஒரு வாரம் அறுக்க வச்சீங்க?"

"பத்து வருஷத்துல ஒரு தடவைகூட நீ என் கத்தியத் தொட்டதில்லையே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இனி இவரோடு பேச்சே கிடையாது என்று சமையலறைக்குப் போய் வெங்காயத்தை எடுத்தேன். கை தானாக ஒரு புள்ளிக் கத்தியிடம் போனது. எப்போதோ தீட்டி வைத்திருந்தார். பாவி மனுஷன், வாயைத் திறந்து கேட்டிருந்தால் என்றைக்கோ எடுத்திருப்பேனே என்று நினைத்தேன். பொய். எடுத்திருக்கவே மாட்டேன். வெங்காயத்தை அறுத்து முடித்துக் கத்தியைத் துடைத்து வைத்தேன்.